பேனாக்கத்தி பைபிளும் 1,235 பவுண்டு சீஸும்

● பள்ளி நூலகர், திண்டிவனம்: ‘மான்யுமென்டல்’ என்றோர் அமெரிக்க ஆவணப்படம் பார்த்தேன். அந்த நாட்டை உருவாக்கியவர்கள் அத்தனை பேரும் பக்திப் பழங்களாமே?

பழம் என்பது சரி. எல்லாம் ஒரே மரத்துப் பழம் என்கிறார்களே, அங்கேதான் இடிக்கிறது. 2012-ல் வந்த படம். படத்தின் நாயகர் கிர்க் கேமரன். 80-களில் ‘குரோயிங் பெயின்ஸ்’ என்ற தொலைக்காட்சித் தொடரில் நடித்து, அமெரிக்க வயசுப்பெண்களின் தூக்கத்தைக் கெடுத்த விடலைப் பையன். பிற்பாடு தீவிர கிறிஸ்தவர். ‘நாடு இப்படிக் கெட்டுப்போச்சே, முன்னோர் எப்படி இருந்தார்கள்?’ என்று பார்க்கக் கிளம்புகிறார். முன்னோரைத் தேடிப் போகிறவர் வழியில் ஒரு கண்ணாடியைப் பார்த்துவிட்டு ‘கண்டுபிடித்தேன்’ என்று கூவுவது உலக வழக்கம்.

● கல்லூரி மாணவி, காரைக்கால்: எங்கெல்லாம் போகிறார், சித்தப்பா?

இங்கிலாந்து, ஹாலந்து, அப்புறம் மாசசூசெட்ஸின் பிளிமத். 1620-ல் மேஃபிளவர் கப்பல் ஏறியவர்களின் தடம். ராஜா சொன்னபடி சாமி கும்பிட மாட்டோம் என்று லெய்டன் நகரத்துக்குப் போய்ப் பத்துப் பதினோரு வருஷம் இருந்து, அங்கும் சரிப்படாமல் கடல் தாண்டிய கூட்டம். கப்பலில் 102 பேர். முதல் குளிர்காலத்திலேயே கிட்டத்தட்டப் பாதிப் பேர் செத்துப் போனார்கள். படத்தின் இந்தப் பகுதியைக் கிண்டல் செய்ய எனக்கு மனசு வரவில்லை.

● அதே மாணவி: 102 பேரும் விசுவாசத்துக்காகப் போனவர்களா?

விடமாட்டாய் போலிருக்கிறதே! பாதிக்கு மேல் வேறு ஆட்கள். பிழைப்புக்காகவும் நிலத்துக்காகவும் வந்தவர்கள். கரையைப் பார்த்ததும் அவர்கள் முறுக்கிக்கொள்ள, சமாதானத்துக்கு எழுதியதுதான் 41 ஆண்கள் கையெழுத்திட்ட மேஃபிளவர் ஒப்பந்தம். புனித ஆவணம் என்று கொண்டாடுகிறார்கள். பிறந்த கதை என்னவோ பஞ்சாயத்து.

● ஸ்தபதி, மாமல்லபுரம்: படத்தில் ஒரு பிரம்மாண்டமான சிலை வருகிறதாமே?

பிளிமத்தில் நிற்கிற முன்னோர் நினைவுச்சின்னம். 81 அடி, கிரானைட். உச்சியில் விசுவாசம் என்ற பெண், ஒரு கையில் பைபிள், மறுகை வானத்தைக் காட்டும். அடியில் ஒழுக்கம், சட்டம், கல்வி, சுதந்திரம் என்று நாலு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். வேலைப்பாடு அருமை. நாட்டை எப்படிக் கட்ட வேண்டும் என்று முன்னோர் விட்டுச்சென்ற வரைபடமே இதுதான் என்று படம் உருகுகிறது. வடிவமைத்தவர் பாஸ்டன்காரர் ஹாமட் பில்லிங்ஸ். திறப்பு விழா 1889-ல். கப்பல் வந்து 269 வருஷம் கழித்து. அது முன்னோர் கட்டியதல்ல ஸ்தபதியாரே, முன்னோருக்குக் கட்டியது.

● எல்.ஐ.சி. முகவர், விருதுநகர்: கப்பலில் வந்தவர்களும் ஜெஃபர்சன், ஃபிராங்க்ளின் கோஷ்டியும் ஒரே ஆட்கள்தானே?

1620 கப்பலுக்கும் 1776 சுதந்திரப் பிரகடனத்துக்கும் இடையில் 156 வருஷம். சந்தித்திருந்தால் முதல் கோஷ்டி இரண்டாம் கோஷ்டியை ஊரைவிட்டே துரத்தியிருக்கும். இது மிகையல்ல. பக்கத்துப் பாஸ்டனில் ஆண்ட பியூரிட்டன்கள், மனசாட்சியில் அரசு கைவைக்கக் கூடாது என்று பேசிய போதகர் ரோஜர் வில்லியம்ஸை நிஜமாகவே துரத்தினார்கள். அவர் போய் ரோட் ஐலண்டில் பிராவிடன்ஸ் என்ற ஊரையே உண்டாக்கிக்கொண்டார். மேரி டையர் என்ற குவேக்கர் பெண்மணியை 1660-ல் தூக்கிலே போட்டார்கள்.

● பேக்கரி உரிமையாளர், தூத்துக்குடி: அவர்கள் கிறிஸ்துமஸ் எப்படிக் கொண்டாடுவார்கள்?

கொண்டாடினால் 5 ஷில்லிங் அபராதம். 1659-லிருந்து 1681 வரை மாசசூசெட்ஸில் அதுதான் சட்டம். பைபிளில் தேதி இல்லாத பண்டிகை, ஆகவே கூடாது. உங்கள் பிளம் கேக்கை அங்கே கள்ளச்சாராயம் மாதிரிதான் விற்றிருக்க வேண்டும்.

● தமிழாசிரியை, நாமக்கல்: ஜெஃபர்சன் பைபிளைக் கத்தியால் வெட்டினார் என்பது கட்டுக்கதைதானே?

டீச்சர், வெட்டிய பைபிள் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1820 வாக்கில், எழுபது வயசைத் தாண்டிய மனுஷன், மான்டிசெல்லோ வீட்டில் உட்கார்ந்து, கிரேக்கம், லத்தீன், பிரெஞ்சு, ஆங்கிலம் என்று நாலு மொழிப் புதிய ஏற்பாடுகளைப் பிரித்துக் கூரான கத்தியால் நறுக்கி, நாலையும் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டினார். மலைப்பிரசங்கம் பாஸ். உவமைக் கதைகள் பாஸ். தண்ணீர் திராட்சரசம் ஆனது, கடல்மேல் நடந்தது, செத்தவன் எழுந்தது எல்லாம் ஃபெயில். கல்லறை வாசலில் கல்லைப் புரட்டி வைப்பதோடு புத்தகம் முடிகிறது. ஈஸ்டர் ஞாயிறு கிடையாது.

ஊருக்குக் காட்டவில்லை. சொந்தப் படிப்புக்கு மட்டும். 1895-ல் கொள்ளுப்பேத்தியிடமிருந்து 400 டாலருக்கு அருங்காட்சியகம் வாங்கியது. அடுத்த கூத்தைக் கேளுங்கள். 1904-ல் அரசுச் செலவில் 9,000 பிரதிகள் அச்சடித்து, 3,000 செனட்டுக்கும் 6,000 கீழவைக்கும் கொடுத்தார்கள். அமெரிக்க நாடாளுமன்றம் அச்சடித்துக் கொடுத்த நற்செய்தியில் அற்புதங்கள் இல்லை!

● பகுத்தறிவாளர், ஈரோடு: அப்படியானால் ஜெஃபர்சன் நம்ம ஆள்!

கறுப்புச்சட்டையை இஸ்திரி போட்டு எடுத்து வராதீர்கள். கடவுளை நம்பினார், இயேசுவின் போதனையைப் போல உயர்ந்த ஒழுக்கம் இல்லை என்றார். ஆனால் திரித்துவத்தைக் கேலி செய்தார். தன்னுடைய பிரிவில் தான் ஒருவனே உறுப்பினர் என்று கடிதம் எழுதினார். 1800 தேர்தலில் எதிர்க்கட்சி அவரை நாத்திகர் என்று தெருத்தெருவாகத் திட்டியது. இன்று அதே ஆளை அசல் கிறிஸ்தவர் என்று படம் எடுக்கிறார்கள். செத்த பிறகு ஞானஸ்நானம் பெற்றவர்கள் வரிசையில் அவருக்கு முதலிடம்.

● வழக்கறிஞர், கும்பகோணம்: ஃபிராங்க்ளின் எந்தக் கட்சி?

‘பொறுத்திருந்து பார்ப்போம்’ கட்சி. 1790-ன் தொடக்கத்தில் யேல் கல்லூரித் தலைவர் எஸ்ரா ஸ்டைல்ஸ், ‘இயேசுவைப் பற்றி உங்கள் கருத்து என்ன?’ என்று கேட்டார். ஃபிராங்க்ளினுக்கு 84 வயது. ‘அவர் கடவுளா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. இப்போது மண்டையை உடைத்துக்கொள்வானேன்? சீக்கிரமே சிரமமில்லாமல் உண்மை தெரிந்துவிடும்’ என்ற பொருளில் மார்ச்சில் பதில் போட்டார். ஐந்தாறு வாரத்தில் தெரிந்துகொள்ளப் போயும்விட்டார்.

● புகைப்படக்காரர், ராயபுரம்: யேலுக்கும் நம்ம சென்னைக்கும் ஏதோ சம்பந்தம் என்பார்களே?

எலிஹு யேல் நம்ம புனித ஜார்ஜ் கோட்டையில் கவர்னராக இருந்தவர். கோட்டைக்குள் புனித மேரி சர்ச்சில் 1680-ல் கல்யாணம். வேலை போன பிறகு சீமைக்குப் போய், 1718-ல் அமெரிக்கக் கல்லூரி ஒன்றுக்கு ஒன்பது மூட்டைச் சரக்கும் 417 புத்தகங்களும் அனுப்பினார். சரக்கு 562 பவுனுக்கு விற்றது. கல்லூரிக்கு அவர் பெயர். பக்திமான்களைப் பயிற்றுவிக்கக் கட்டிய கல்லூரி, மெட்ராஸ் வியாபாரக் காசில் பெயர் பெற்றது. படத்தில் தேடாதீர்கள்.

● சபைக் கமிட்டி உறுப்பினர், மார்த்தாண்டம்: பனியில் முழங்காலிட்டு வாஷிங்டன் ஜெபிக்கிற படம் எங்கள் வீட்டு வரவேற்பறையில் இருக்கிறது. அதுவும் போச்சா?

படத்தை எடுக்க வேண்டாம், அழகாயிருக்கும். வேலி ஃபோர்ஜில் நடந்ததாகச் சொல்லப்படும் அந்தக் கதையைப் பரப்பியவர் மேசன் வீம்ஸ் என்கிற போதகர் கம் புத்தக வியாபாரி. செர்ரி மரம் வெட்டிய கதையும் அவர் சரக்குதான். அந்த ஜெபக் காட்சிக்கு 1928-ல் அமெரிக்க அரசு தபால்தலையே போட்டுவிட்டது. முத்திரை குத்தினால் எதுவும் போய்ச் சேரும் என்பது தபால்துறையின் விசுவாசம்.

● அதே வாசகர்: அவர் சர்ச்சுக்கே போகாதவரா?

போனார். ஆங்கிலிக்கன் சபைக் கமிட்டியில் உங்களைப் போல உறுப்பினராகவே இருந்தார். திருவிருந்து வரும்போது மட்டும் எழுந்து போய்விடுவார். பிலடெல்பியாவில் ஜேம்ஸ் ஏபர்குரோம்பி என்ற போதகர் பிரசங்கத்தில் ஜாடையாகக் குத்திக் காட்டினார். உடனே பலன் தெரிந்தது. திருவிருந்து ஞாயிறுகளில் வாஷிங்டன் வருவதையே நிறுத்திவிட்டார்.

● பஞ்சாயத்துத் தலைவர், மன்னார்குடி: அரசியல் சாசனம் எழுதும்போது ஜெபம் செய்துதான் ஆரம்பித்தார்களாமே?

ஜெபம் செய்யலாம் என்று ஒருவர் எழுந்து சொன்னார். 1787 ஜூன் 28. சொன்னது யார் தெரியுமா? நம்ம சந்தேகப் பேர்வழி ஃபிராங்க்ளின்! வாரக்கணக்காகச் சண்டை போட்டுச் சலித்த கூட்டத்தில் 81 வயசுக் கிழவரின் யோசனை. வட கரோலினா வில்லியம்சன், ‘போதகருக்குக் கொடுக்கக் காசில்லை’ என்றார். ஓட்டெடுப்புக்கே விடாமல் கலைந்தார்கள். மூன்று நாலு பேரைத் தவிர மற்றவர்கள் ஜெபம் தேவையில்லை என்று நினைத்ததாகக் கிழவரே குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்.

● போட்டித்தேர்வு மாணவர், தர்மபுரி: அமெரிக்க அரசியல் சாசனத்தில் கடவுள் எத்தனை இடத்தில் வருகிறார்?

தேதி போடும் இடத்தில், ‘நம் ஆண்டவரின் ஆண்டு’ என்ற வழக்கமான பாணியில், ஒரே ஒருமுறை. பதவிக்கு மதச் சோதனை கூடாது என்று ஆறாம் பிரிவு. உள்நாட்டுப் போர் நடந்த 1860-களில் பக்திமான்கள் திரண்டு, ‘சாசனத்தில் கடவுளையும் கிறிஸ்துவையும் சேருங்கள்’ என்று லிங்கனிடமே போனார்கள். தம்பி, இது முக்கியம், குறித்துக்கொள். ஏற்கெனவே இருப்பதைச் சேர்க்கச் சொல்லி யாரும் மனுக் கொடுப்பதில்லை.

● ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், பாளையங்கோட்டை: நான் கிறிஸ்தவன். உங்கள் பதில்களில் எங்கள் விசுவாசத்தைக் கிள்ளுவதுபோல் படுகிறது.

ஐயா, கிள்ளுவது படக்காரர்களை மட்டும். அதுவும் நான் கிள்ளுவதற்கு முன்னாலேயே உங்கள் ஆட்கள் கிள்ளிவிட்டார்கள். படத்தில் வரலாறு சொல்பவர்களில் ஒருவர் டெக்சாஸ்காரர் டேவிட் பார்ட்டன். ஜெஃபர்சனைப் பற்றி 2012-ல் புத்தகம் எழுதினார். அதில் பிழைகளை வரி வரியாகப் பிடித்தவர்கள் வாரன் த்ராக்மார்ட்டன், மைக்கேல் கோல்ட்டர். குரோவ் சிட்டி என்கிற கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர்கள்! அந்த ஆகஸ்டிலேயே பதிப்பகம் புத்தகத்தைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றது. பதிப்பகம் தாமஸ் நெல்சன், பைபிள் அச்சிட்டே வளர்ந்த நிறுவனம். 2016-ல் வேறொரு பதிப்பகம் மறுபடி கொண்டுவந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற கட்டளை சொந்தக் கட்சிக்கும் உண்டு என்று நினைத்த அந்த இரண்டு வாத்தியார்களுக்கு என் சல்யூட்.

● அச்சகத் தொழிலாளி, சிவகாசி: அமெரிக்க காங்கிரஸே பைபிள் அச்சடித்ததாகப் படத்தில் வருகிறதே?

உங்கள் தொழில்காரர் கதை, கேளுங்கள். ராபர்ட் எய்ட்கன், பிலடெல்பியா அச்சக முதலாளி. யுத்தத்தால் இங்கிலாந்திலிருந்து பைபிள் வரவில்லை. தானே அச்சடித்து, காங்கிரஸிடம் அங்கீகாரமும் உதவியும் கேட்டார். காங்கிரஸின் ஆஸ்தான போதகர்கள் இருவர் புரட்டிப் பார்த்து ‘பரவாயில்லை’ என்றார்கள். 1782 செப்டம்பரில் பாராட்டித் தீர்மானம் வந்தது. காசு வரவில்லை. யுத்தம் முடிந்ததும் சீமைப் பைபிள் மலிவாக வந்து இறங்க, மனுஷனுக்குப் பெருநஷ்டம். பாராட்டைக் கொடுத்துவிட்டு பில்லைப் பாஸ் பண்ணாத அரசாங்கத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

● இயற்பியல் விரிவுரையாளர், சேலம்: சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட 56 பேரில் 29 பேர் இறையியல் பட்டதாரிகளாமே?

அந்தக் காலத்து ஹார்வர்டும் யேலும் போதகர்களை உருவாக்க ஆரம்பித்த கல்லூரிகள். அங்கே படித்தவனையெல்லாம் இறையியல் பட்டதாரி என்றால், லயோலாவில் பி.காம். முடித்தவரெல்லாம் பாதிரியார்! அந்த 56 பேரில் அப்போது போதகர் ஊழியத்தில் இருந்தவர் ஒரே ஒருவர், ஜான் விதர்ஸ்பூன்.

● வங்கி ஊழியர், கோவை: ஆக, நிஜமான விசுவாசிகளே அவர்களில் இல்லை என்கிறீர்கள்?

நான் எப்போது சொன்னேன்? விதர்ஸ்பூன் பிரஸ்பிட்டீரியன், பிரின்ஸ்டன் கல்லூரித் தலைவர், பிற்பாடு ஜனாதிபதியான மேடிசனுக்கே வாத்தியார். சாமுவேல் ஆடம்ஸ் பழைய பியூரிட்டன் வார்ப்பு. சார்லஸ் கரோல், கையெழுத்திட்டவர்களில் ஒரே கத்தோலிக்கர், கடைசியாக 1832-ல் இறந்தவர். ஜான் ஜே தலைமை நீதிபதியாக இருந்தவர், பிற்பாடு அமெரிக்க பைபிள் சங்கத்துக்கே தலைவர். அசல் விசுவாசிகள் இத்தனை பேர் இருக்க, ஜெஃபர்சனுக்கு அங்கி மாட்டுவானேன்? காரணம் எளிது. விதர்ஸ்பூன் முகம் எந்த நாணயத்திலும் இல்லை.

● இடதுசாரித் தோழர், நாகப்பட்டினம்: ‘அவர்கள் அனைவரும் மதத்தைத் தூக்கி எறிந்தவர்கள்’ என்று எங்கள் வாசகர் வட்டத்தில் சொன்னார்கள்.

அது ‘மான்யுமென்டல்’ படத்தையே தலைகீழாக ஓட்டுவது. 1776-ல் தேசிய முத்திரைக்கு யோசனை கேட்டபோது ஃபிராங்க்ளின் சொன்ன காட்சி, செங்கடலில் மோசே நிற்க, பார்வோன் மூழ்குவது. ஜெஃபர்சன் சொன்னது, வனாந்தரத்தில் இஸ்ரவேலர். இரண்டும் பைபிள்! பைபிளை நம்புவது வேறு, அதில் ஊறிக் கிடப்பது வேறு. இரண்டு கட்சியும் கைகோத்துத் தவறவிடுகிற இடம் இதுதான். (முத்திரையில் கடைசியில் கழுகு வந்து உட்கார்ந்தது.)

● பால்வள அலுவலர், ஆத்தூர்: மதத்தையும் அரசையும் பிரித்தது நாத்திகர்கள் வேலையா?

உங்கள் துறைக்கே பொருத்தமான பதில் வைத்திருக்கிறேன். 1802 ஜனவரி 1. மாசசூசெட்ஸின் செஷயர் கிராமத்து பாப்டிஸ்ட் விசுவாசிகள், போதகர் ஜான் லேலண்ட் தலைமையில், 1,235 பவுண்டு எடையுள்ள சீஸ் ஒன்றை ஜனாதிபதி ஜெஃபர்சனுக்குக் கொண்டுவந்து இறக்கினார்கள். ஊர் மாடுகளின் பாலெல்லாம் சேர்த்துச் செய்தது. எதிர்க்கட்சிக்காரன் மாட்டுப்பால் ஒரு சொட்டுக்கூடக் கலக்கவில்லை என்று பெருமை வேறு.

அமெரிக்காவே நாத்திகர் என்று ஏசிய ஆளுக்குப் போதகர் ஏன் சீஸ் சுமந்தார்? புரட்சிக்குச் சற்று முன்னால் வர்ஜீனியாவில் அனுமதியின்றிப் பிரசங்கம் செய்த பாப்டிஸ்ட்களைச் சிறையில் போட்டார்கள். போட்டது கிறிஸ்தவ அரசுதான், அதாவது பெரிய சபையின் அரசு. அதை முடித்துவைத்தது ஜெஃபர்சன் எழுதி, மேடிசன் போராடி 1786-ல் நிறைவேற்றிய சட்டம். கனெக்டிகட்டில் அந்தத் தொல்லை இன்னும் இருந்தது. சீஸ் வந்த அதே நாளில்தான் கனெக்டிகட்டின் டேன்பரி பாப்டிஸ்ட்களுக்கு ஜெஃபர்சன் கடிதம் எழுதி, மதத்துக்கும் அரசுக்கும் நடுவே சுவர் எழுப்பினார். சுவர் கேட்டவர்கள் விசுவாசிகள். படத்தில் இடம்பெற்றிருக்க வேண்டிய உண்மையான நினைவுச்சின்னம் அந்த சீஸ்தான் என்பேன். என்ன, 81 அடிச் சிலை மாதிரி அது கெடாமல் இருக்காது.

● கணக்குத் தணிக்கையாளர், மதுரை: சீஸுக்குக் காசு கொடுத்தாரா?

200 டாலர். ஓசியில் வாங்க மாட்டேன் என்றார். அடுத்த ஞாயிறு, ஜனவரி 3, நாடாளுமன்ற மண்டபத்திலேயே லேலண்ட் பிரசங்கம் செய்ய, சுவர் கட்டிய ஜெஃபர்சன் முன்னால் உட்கார்ந்து கேட்டார். எந்தக் கட்சிக்கு வேண்டுமோ அந்தக் கட்சி எடுத்துக்கொள்ளலாம்.

● கோயில் குருக்கள், சிதம்பரம்: அந்த மனிதர்களுக்கு நம்மைப் பற்றி ஏதாவது தெரியுமா?

அந்த 1786 சட்டத்தில் இயேசுவின் பெயரைச் சேர்க்க ஒரு முயற்சி நடந்து பெரும்பான்மையால் தோற்றது. யூதர், கிறிஸ்தவர், முகமதியர், இந்து எல்லாருக்கும் பாதுகாப்பு வேண்டும் என்பதற்கு அதுவே சாட்சி என்று சுயசரிதையில் ஜெஃபர்சன் எழுதினார். வராத விருந்தாளிக்கும் இலை போட்டவர். ஜான் ஆடம்ஸ் ஒரு படி மேலே. 1813-ல் ஜெஃபர்சனுக்கு இந்து சாஸ்திரத்தைப் புகழ்ந்து கடிதம் எழுதினார். கடிதத்தின் தேதி? டிசம்பர் 25!

● கப்பல் பணியாளர், கடலூர்: அமெரிக்க அரசு கிறிஸ்தவ மதத்தின்மேல் நிறுவப்பட்டதல்ல என்று ஏதோ ஒப்பந்தமே இருக்கிறதாமே?

திரிபோலி ஒப்பந்தம், பதினோராம் பிரிவு. 1797 ஜூனில் செனட் ஒருமனதாக ஏற்றது, ஆடம்ஸ் கையெழுத்திட்டார். மத்தியதரைக்கடலில் கப்பல் பிடிப்போரைச் சமாதானப்படுத்த எழுதியது. வேடிக்கை என்னவென்றால், அரபு மூலத்தை 1930-ல் நிபுணர் ஒருவர் படித்துப் பார்த்தால் அந்தப் பிரிவையே காணோம்! செனட் படித்தது ஆங்கிலப் பிரதியை, ஆகவே வழக்கு நிற்கும். திரிபோலிக்காரர்கள் மட்டும் அதைக் கேள்விப்படாமலே சமாதானமாகியிருக்கிறார்கள்.

● இல்லத்தரசி, வேலூர்: டாலரில் ‘கடவுளை நம்புகிறோம்’ என்று போட்டது வாஷிங்டனா, ஜெஃபர்சனா?

இருவரும் இல்லை, அம்மா. நாணயத்தில் வந்தது 1864. தேசிய வாசகம் ஆனது 1956, ஐசன்ஹோவர் காலம். எதிரே கடவுளை நம்பாத ரஷ்யா நின்றதால் வந்த வேகம்.

● இசைக்குழு டிரம்மர், பெரம்பூர்: ‘நிறுவனர்களின் விசுவாசம்’ என்று நீங்கள் படம் எடுத்தால் யார் ஹீரோ?

ரிச்சர்ட் ஆலன். அடிமையாகப் பிறந்து, தன் விலையைத் தானே சம்பாதித்துக் கட்டி விடுதலை பெற்றவர். பிலடெல்பியாவில் புனித ஜார்ஜ் மெதடிஸ்ட் சர்ச்சில் முழங்காலிட்டு ஜெபித்துக்கொண்டிருந்த கறுப்பர்களை, ‘இது உங்கள் இடமில்லை’ என்று கையைப் பிடித்துத் தூக்கினார்கள். ஜெபம் முடியட்டும் என்று கேட்டுப் பார்த்தார்கள், விடவில்லை. மொத்தமாக வெளியே நடந்தார்கள். ஆலன் 1794-ல் பெத்தேல் சர்ச் திறந்தார், 1816-ல் ஒரு தனித் திருச்சபையையே நிறுவினார். சாசனம் எழுதிய மண்டபத்திலிருந்து அந்த சர்ச்சுக்கு நடந்தே போய்விடலாம். கேமரா தூக்க நீ வருகிறாயா, டிரம்மர்?